நகத்துக்கு எத்தனை நாள் கெடு?

கேள்வி: நகம் கடிக்கும் பழக்கத்தை 21 நாளில் விட்டுவிடலாமாமே?

பதில்: 21 நாள் கணக்கின் மூலம் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் மாக்ஸ்வெல் மால்ட்ஸ். அறுவைக்குப் பின் புதிய முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகும் என்று 1960இல் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல்லை மட்டும் மற்றவர்கள் கடித்துத் துப்பிவிட்டார்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் ஆராய்ந்தபோது, புதுப் பழக்கம் படிய ஏறக்குறைய 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை.

வேப்பெண்ணெய் பூசுவோர் உண்டு; நாக்கு கசப்புக்கும் பழகிவிடும். மாற்று வேலை தருவதே மேல். கை வாய்க்குப் போகும்போதெல்லாம் முஷ்டியைச் சில நிமிடம் இறுக்கி வைப்பது 1973இல் அஸ்ரின், நன் என்ற உளவியலாளர்கள் சொன்ன வழி. முஷ்டி மடங்கியிருந்தால் பல்லுக்கு நகம் எட்டாது. நடுவில் ஒரு நாள் தவறினாலும் பாதகமில்லை.