கந்தலுக்குக் கிடைத்த கௌரவம்
நாவலைப் படமாக்கும் கலைக்குப் பாலாவின் ‘பரதேசி’ (2013) ஒரு பாடநூல். மூலம், பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’, இரா. முருகவேளின் தமிழில் ‘எரியும் பனிக்காடு’. வால்பாறைத் தோட்டங்களின் கதை; இலங்கை மலையகத்துக்கும் அது அந்நியமல்ல. அங்கே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர, கலஹாவுக்குப் பக்கம்தான். கங்காணி தந்த முன்பணம் ‘துண்டு’ எனும் கடன்சீட்டில் ஏறித் தீராக் கடனாவதை அங்குள்ள லயங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. திரைக்கு அது போதாதே! ஆகவே ஒரு தோட்ட மருத்துவர் ஆடிப்பாடி மதம் பரப்புகிறார். இந்தப் பாடநூலின் விதிப்படி, நாவலில் பட்டினி வரும் ஒவ்வொரு பக்கமும் ஒரு குத்துப்பாட்டுக்கு உரியது. நாவலை எழுதியவரும் தோட்ட மருத்துவரே, தொழிற்சங்கம் கட்டியவர். எப்பேர்ப்பட்ட நன்றிக்கடன்! தொழிலாளர் உடுத்த கந்தலுக்கோ சிறந்த ஆடை வடிவமைப்புக்கான தேசிய விருது கிடைத்தது.