ஜாஸ் வானொலியைக் கைப்பற்ற வந்தவருக்குச் சில யோசனைகள்

வாழ்த்துகள். அமெரிக்க நகரம் ஒன்றில் பொது வானொலி நிலையத்தின் சாவிக்கொத்து உங்கள் கைக்கு வந்திருக்கிறது. முதல் யோசனை: ஸ்டூடியோவுக்குள் மட்டும் போய்விடாதீர்கள். அங்கே அறுபதைத் தாண்டிய ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். 1959-ல் பதிவான இசைத்தட்டு ஒன்று சுழன்றுகொண்டிருக்கும். அது முடிந்ததும் மைக்கை இழுத்து, பாஸ் வாசித்தவர் யார், டிரம்ஸ் யார், அன்றைக்கு வரவேண்டிய பியானோக்காரர் ஏன் வரவில்லை என்று, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் நடந்ததைப் போலச் சொல்லுவார். ஐந்து நிமிடம் நின்றால் உங்களுக்கும் பிடித்துவிடும். பிடித்துவிட்டால் வந்த காரியம் கெட்டது. நம்மூர் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீன் பக்கம் எழுந்து போகிறவர்கள் உண்டல்லவா? மிருதங்கம் மோராவை நெருங்கும்போது போண்டா ஆறிவிடுமே என்று கவலைப்படுகிற அந்த மனசு உங்களுக்கு அவசியம் வேண்டும்.

அடுத்து, உங்கள் கையில் இருப்பது என்ன சரக்கு என்று புரிந்துகொள்ளுங்கள். சுவர் முழுக்க அடுக்கிய இசைத்தட்டுகளுக்குப் பழைய கடையில் எடைக்குத்தான் விலை. ஊழியர்கள் செலவுக் கணக்கில் வருகிறார்கள். நேயர்கள் வீட்டில் இருக்கிறார்கள். விலை உள்ளது ஒன்றே ஒன்று: உரிமம். அமெரிக்காவில் எஃப்.எம். வரிசையின் இடது கோடியில், 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரை, லாப நோக்கமற்ற நிலையங்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். பெரிய நகரங்களில் அந்த இடம் என்றோ நிரம்பிவிட்டது. புதிதாக ஒன்று வேண்டுமென்றால் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரை எழுப்பித்தான் ஆக வேண்டும். உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் ஒரு பல்கலைக்கழகம். என்றோ ஒரு காலத்தில் மாணவர் பயிற்சிக்கென்று பத்து வாட் டிரான்ஸ்மிட்டரோடு தொடங்கியிருப்பார்கள். இப்போது கட்டடத்துக்குக் கூரை போடப் பணம் வேண்டியிருக்கும். பேச்சுவார்த்தையை அங்கே ஆரம்பியுங்கள்.

முன்னோடிகள் இல்லாமல் இல்லை. வாஷிங்டனில் கொலம்பியா மாவட்டப் பல்கலைக்கழகம் 90.1-ல் ஜாஸ் வானொலி ஒன்றை நடத்திவந்தது. பணமுடை வந்தது, 1997-ல் உரிமத்தை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார்கள். முதலில் பேரம் பேசியது ஒரு கிறிஸ்தவ ஒலிபரப்பு நிறுவனம். கடைசியில் எடுத்துக்கொண்டது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விவாதங்களை ஒளிபரப்பும் சி-ஸ்பான். அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து சாக்ஸபோன் இருந்த இடத்தில் செனட்டர்கள். எழுதிவைக்காமல் மணிக்கணக்கில் வாசிப்பது இரு தரப்புக்கும் பொது என்பதால் பழைய நேயர்கள் சிலருக்கு உடனே வித்தியாசம் தெரியாமல்கூட இருந்திருக்கலாம்.

ஆனால் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய ஊர் பிட்ஸ்பர்க். ஆர்ட் பிளேக்கி, மேரி லூ வில்லியம்ஸ், பில்லி ஸ்ட்ரேஹார்ன், எரல் கார்னர், அகமத் ஜமால், கென்னி கிளார்க், ரே பிரவுன் என்று அந்த ஊர் ஜாஸுக்குக் கொடுத்தவர்களை எண்ணினால் கைவிரல் போதாது. ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பினத்தவர் குடியிருப்பில், வைலி அவென்யூவில் இருந்த கிராஃபோர்ட் கிரில்லில் வாசிக்காத பெரிய கை குறைவு. 1950-களில் நகர மேம்பாடு என்று சொல்லி அந்தப் பகுதியின் கீழ்ப்பாதியை இடித்து, சுமார் 8,000 பேரைக் கிளப்பி, அங்கே ஒரு விளையாட்டரங்கம் கட்டினார்கள். ஆக, நல்ல பெயர் வைத்து அப்புறப்படுத்தும் கலையில் அந்த ஊருக்கு உங்களைவிட அனுபவம் அதிகம். அந்தக் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே உள்ள டியூக்கேன் பல்கலைக்கழகம், 1949-ல் தொடங்கி நடத்திவந்த டபிள்யூ.டி.யூ.க்யூ. நிலையம் பகலிலும் இரவிலும் ஜாஸ் போட்டது. மற்ற ஊர் நிலையங்களுக்கும் தன் ஜாஸ் நிகழ்ச்சிகளை அனுப்பிக்கொண்டிருந்தது. காலையும் மாலையும் தேசியப் பொது வானொலியின் செய்தியும் உண்டு.

2011 ஜனவரியில் விற்பனை அறிவிப்பு வந்தது. விலை 60 லட்சம் டாலர். நிலையத்தோடு சம்பந்தப்பட்டவர்களே ஒரு குழு அமைத்து வாங்கப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. உள்ளூரின் இன்னொரு இசை வானொலியும் பொது ஊடகங்களுக்கு நிதி ஆலோசனை சொல்லும் ஓர் அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய நிறுவனத்துக்குப் போனது. ஊருக்கு முழுநேரச் செய்தி வானொலி இல்லை, அது வேண்டும் என்பது வாதம். தவறான வாதம் என்றும் சொல்ல முடியாது. செய்தித்தாள்கள் மெலிந்துகொண்டிருந்த காலம். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். வாதம் நல்லதாக இருக்க வேண்டும். ஜாஸ் பிடிக்காது என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். சந்தா கட்டுகிறவர்களில் யாராவது 'செய்தி வேண்டாம்' என்று பேசத் துணிவார்களா என்று பாருங்கள். மாட்டார்கள்.

ஜூலை 1 அன்று மாற்றம் வந்தது. வாரம் முழுக்க ஓடிய ஜாஸுக்கு, சனிக்கிழமை மாலை முதல் நள்ளிரவு வரை ஆறு மணி நேரம். பழைய ஊழியர்களில் பலருக்குப் புதிய இடத்தில் நாற்காலி இல்லை. நிலையத்தின் பெயரும் அந்த ஆண்டே மாறியது.

இதில் ஒரு நயமான வேலை உண்டு, குறித்துக்கொள்ளுங்கள். ஜாஸை நிறுத்திவிட்டார்கள் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாதபடி, 24 மணி நேர ஜாஸ் என்று ஒன்றை எச்.டி. 2 என்ற துணை ஒலிபரப்பில் வைத்தார்கள். முன்பைவிட அதிக மணி நேரம்! அதைக் கேட்க எச்.டி. வசதியுள்ள வானொலிப் பெட்டி வேண்டும், அல்லது இணையத்துக்குப் போக வேண்டும். சமையலறை அலமாரி மேல் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கும் பழைய பெட்டிக்கு அது எட்டாது. வீட்டுப் பெரியவருக்கு மாடியில் தனி அறை கட்டிக் கொடுத்து, மாடிப்படி மட்டும் வைக்காமல் விட்டால் எப்படியோ அப்படி.

(நிலையத்தை வாங்கப் பார்த்துத் தோற்ற அந்தக் குழுவினர் பின்னாளில் வேறொரு சிறிய நிலையத்தைப் பிடித்து அதே ஊரில் மறுபடி ஜாஸ் போட ஆரம்பித்துவிட்டார்கள். இதை உங்கள் நிர்வாகக் குழுவிடம் சொல்ல வேண்டியதில்லை.)

வார இறுதி என்பது இந்தத் தொழிலில் முதியோர் இல்லம். பாஸ்டனில் 1981 முதல் இரவுகளில் ஜாஸ் வழங்கிவந்த எரிக் ஜாக்சனை 2012-ல் பொது வானொலி நிர்வாகம் வார நாட்களிலிருந்து எடுத்து வார இறுதிக்கு நகர்த்தியது. 'நகர்த்தினோம்' என்ற வினைச்சொல்லின் அருமையைப் பாருங்கள். அகராதியில் இதற்குப் பக்கத்துவீட்டுச் சொற்கள் இன்னும் உண்டு: மறுசீரமைப்பு, புத்துணர்வு, நேயரை மையப்படுத்திய பயணம். 'மூடுகிறோம்' என்ற சொல் கடிதத்தில் வந்தால் அதை எழுதியவரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியவர்கள் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

பட்டியல் என்றதும் நினைவுக்கு வருகிறது, ஆள்குறைப்பு. காலை நிகழ்ச்சி முடிந்து தொகுப்பாளர் வெளியே வந்ததும் கூப்பிடுங்கள். நிகழ்ச்சிக்கு முன்னால் கூப்பிட்டால் அவர் அதை நேயர்களிடம் சொல்லிவிடுவார். மனிதவளத் துறைக்காரர் ஒருவர் காகித உறையோடு உட்கார்ந்திருக்கட்டும். பேசுவதற்கு முன்பே மின்னஞ்சல் முடங்கியிருக்க வேண்டும், அடையாள அட்டை கதவைத் திறக்கக் கூடாது. கடைசியாக ஒரு தடவை மைக் முன்னால் உட்கார்ந்து போய்வருகிறேன் என்று சொல்ல அனுமதி கேட்பார்கள். இளகிவிடாதீர்கள். முப்பது வருஷம் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்டவர்கள் அழுதுவிட்டால் அடுத்த மாத நன்கொடை யார் கொடுப்பது? மறுநாள் அந்த நேரத்தில் ஏதாவது ஓடட்டும். அவர் எங்கே என்று தொலைபேசியில் கேட்பவர்களுக்கு வரவேற்பாளரை வைத்து, "அவருடைய பங்களிப்புக்கு நன்றியுடையவர்களாக இருக்கிறோம்" என்று சொல்லச் சொல்லுங்கள். வரவேற்பாளரை அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

போனவர்களின் இடத்தில் மென்பொருளை வையுங்கள். ஒரு பாட்டு எந்தச் சுருதியில் முடிகிறது, அடுத்தது எதில் தொடங்கினால் காது தடுக்கி விழாது என்று அவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்ததை அது செய்யாது. இன்றைக்கு ராத்திரி எந்த மதுவிடுதியில் எந்தப் பையன் டிரம்பெட் வாசிக்கிறான், கூட்டம் இல்லை, போய்க் கேளுங்கள் என்றும் சொல்லாது. அந்தப் பையனின் முதல் தட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி பத்தரைக்கு ஒரு தடவை போடவும் போடாது. உள்ளூர்க் கலைஞர்களுக்கு இதெல்லாம் சோறு போட்ட விஷயம் என்பார்கள். உங்கள் கணக்குப் புத்தகத்தில் அதற்குக் கட்டம் இல்லை. மென்பொருள் போடப்போவது பெரும்பாலும் காலமானவர்களின் இசை. காலமானவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்ட வேண்டியதில்லை.

பணம் இல்லை என்று சொல்ல 2025-க்கு முன்னால் கொஞ்சம் கூச்சப்பட வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கவலையும் இல்லை. அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்க காங்கிரஸ், பொது ஒலிபரப்புக்கு ஏற்கெனவே ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டது. 1967 சட்டத்தில் பிறந்து, நிலையங்களுக்கு அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுத்துவந்த கழகமே அடுத்த மாதம் கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது. நிஜமாகவே கஷ்டப்படுகிற நிலையங்கள் பல. அவை ஊழியரையும் நேயரையும் உட்காரவைத்துக் கணக்கைக் காட்டி, எதைக் காப்பாற்றலாம் என்று கேட்கின்றன. நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள். கணக்கைக் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா என்ற ஊர் இருக்கிறது.

அங்கே பசிபிக் லூத்தரன் பல்கலைக்கழகம் 88.5-ல் கே.பி.எல்.யூ. என்ற நிலையத்தை நடத்தியது. பாதி ஜாஸ், பாதி செய்தி. 2015 நவம்பரில், சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு 80 லட்சம் டாலருக்கு விற்கப்போவதாகச் சொன்னார்கள். 70 லட்சம் ரொக்கம், மிச்சம் 10 லட்சத்துக்கு வானொலியில் அறிவிப்பு நேரம். வாங்குகிறவர்களிடம் ஏற்கெனவே செய்தி வானொலி ஒன்று இருந்தது. ஆகவே 88.5-ஐ முழுநேர ஜாஸ் ஆக்குவது, கே.பி.எல்.யூ.வின் செய்திப் பிரிவைக் கலைப்பது என்று திட்டம். கவனியுங்கள்: ஜாஸ் கேட்பவர்களுக்கு இரட்டிப்பு ஜாஸ் கிடைத்திருக்கும். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் செய்திக்காரர்களோடு சேர்ந்துகொண்டு, இது எங்கள் நிலையம் என்று கூட்டத்துக்கு வந்து நின்றார்கள்.

அப்போது நிர்வாகம் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு உங்களுக்காக வயிறு எரிகிறது. 2016 ஜூன் 30-க்குள் 70 லட்சம் டாலர் திரட்டினால் நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு தொகை, ஒரு தேதி. ஜனவரியில் வசூல் தொடங்கியது. வருஷா வருஷம் காபிக் கோப்பைக்கும் துணிப்பைக்கும் சந்தா கட்டிப் பழகிய ஜனங்கள். ஆயிரக்கணக்கானோர் சிறுகச் சிறுகக் கொடுத்தார்கள். கெடுவுக்கு ஒரு மாதம் மிச்சம் இருக்கையில், மே 26 அன்று, பணம் சேர்ந்துவிட்டது. ஆகஸ்ட் 31 முதல் அதே 88.5-ல் கே.என்.கே.எக்ஸ். என்ற புதுப் பெயரில், ஜாஸும் செய்தியுமாக, நேயர்களே அமைத்த நிறுவனத்தின் கையில் நிலையம் ஓடத் தொடங்கியது. எழுத்துகளைச் சேர்த்துச் சொன்னால் 'கனெக்ட்ஸ்' என்று ஒலிக்குமாம்.

ஆகவே நேயர் கூட்டம் வைத்தே தீர வேண்டும் என்றால் வேலைநாளில், பகல் மூன்று மணிக்கு, பார்க்கிங் இல்லாத இடமாகப் பார்த்து வையுங்கள். கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து, கைப்பையில் காசோலைப் புத்தகத்தைத் தேடிக்கொண்டே, "மொத்தம் எவ்வளவுங்க வேணும், எப்போதுக்குள்ள?" என்று கேட்டால், நேரமாகிவிட்டது என்று சொல்லி உடனே எழுந்துவிடுங்கள்.