நம்பகமான பிரஸ் வாங்குவது எப்படி?

அமெரிக்காவில் இருக்கும் என் அத்தை மகன் போன மாதம் போன் செய்தான். அங்கே வேட்டைத் துப்பாக்கிப் பழக்கம் தொற்றிக்கொண்டதாம். சுட்டுத் தீர்த்த தோட்டாக் கூட்டைத் தூக்கிப் போடாமல், வீட்டு மேஜை மேல் ஒரு கை பிரஸ்ஸை வைத்து, பழைய கேப்பைத் தட்டி எடுத்துப் புது கேப் பொருத்தி, மருந்தும் ஈயக் குண்டும் நிரப்பி, வாயை மடித்து மூடி மறுபடி சுடுகிறார்களாம். "மச்சான், நீ அம்பத்தூர் எஸ்டேட்லயே கிடக்கிறவன். எந்த பிரஸ் நம்பகமா இருக்கும், சொல்லு."

நான் சொன்னேன்: "எதுவா இருந்தாலும் அங்கேயே வெச்சுக்கோ. ஊருக்கு வர்றப்ப பெட்டியில போட்டுக் கொண்டாந்துடாத." 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'தோட்டா' என்ற சொல்லுக்குள் தோட்டா செய்கிற எந்திரமும் அடக்கம். ஆவடியில் டாங்கியே செய்கிறார்களே என்று கேட்கலாம். செய்கிறார்கள்தான். 1961-ல் வந்த தொழிற்சாலை அது, 1965-ல் முதல் விஜயந்தா வெளியே வந்தது. ஆனால் அது சர்க்கார் டாங்கி. ஆவடிக்கென்று தனி போலீஸ் கமிஷனரேட் 2022-லேயே வந்துவிட்டது. பெட்டி வீடு வந்து சேர்வதற்கு முன்னால் அவர்கள் வந்து நிற்பார்கள்.

அவனுக்குச் சொல்ல முடியாமல் போன யோசனை வீணாக வேண்டாம். 1964-ல் எஸ்டேட் தொடங்கிய நாளிலிருந்து இங்கே சொந்தமாகத் தொழில் செய்யக் கிளம்புகிற ஒவ்வொருவரும் ஒரு செகண்ட் ஹேண்ட் பவர் பிரஸ்ஸில்தான் ஆரம்பிக்கிறார். வாஷர், கிளாம்ப், பிராக்கெட் அடிக்கிற மெஷின். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்கிறேன்.

முதலில், மெஷினைப் பார்க்கவே பார்க்காதீர்கள். காலை பதினொரு மணிக்கு அந்த ஷெட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் போய் நில்லுங்கள். ஆபரேட்டர் வருவார். டீ கிளாஸைப் பிடித்திருக்கும் விரல்களை எண்ணுங்கள். கிளாஸைக் கை மாற்றும்போது அந்தக் கையையும் எண்ணுங்கள். பத்து இருந்தால் மெஷின் நல்லது, அல்லது ஆள் புதுசு. எது என்று கண்டுபிடிக்க இன்னொரு டீ சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது பெயிண்ட். பச்சை பெயிண்ட் பளபளவென்று இருந்து, சுவரும் தரையும் பத்து வருஷ கிரீஸோடு இருந்தால், மெஷினுக்கு நேற்றுதான் கல்யாண அலங்காரம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஆங்கில 'சி' எழுத்து மாதிரி வாய் திறந்திருக்கிற உடம்பு அது. ஒவ்வொரு அடியிலும் அந்த வாய் மயிரிழை அளவு விரிந்து மூடும். வார்ப்பிரும்பு உடம்பு விரிசல் விட்டால் அந்த உள்வளைவில்தான் முதலில் விடும். அதை வெல்டு வைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிடுவார்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்டைச் சுரண்டச் சொல்லுங்கள். மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் ஈரக்கோடாக எழுந்து வரும். அந்தக் கோடு தெரிகிற நேரத்தில் டீலர் முகத்தைப் பார்க்கத் தவறாதீர்கள். "அது வார்ப்புலயே வந்த ரேகை சார்" என்பார். கைரேகை பார்க்கவா வந்தோம்?

டன் விஷயத்தில் ரொம்பக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெட்டுகிற சுற்றளவு, தகட்டின் கனம், இரும்பின் வெட்டு வலிமை மூன்றையும் பெருக்கினால் கணக்கு முடிந்தது. 2 மில்லி இரும்புத் தகட்டில் 50 மில்லி வட்டம் வெட்ட ஏறக்குறைய 11 டன் போதும். 20 டன் பிரஸ் தாராளம். "30 டன்தான் சார், ஆனா 40 வரைக்கும் தாங்கும்" என்று டீலர் சொன்னால், முந்தைய ஓனரும் அதைத்தான் நம்பினார் என்று புரிந்துகொண்டு மறுபடி விரிசலைத் தேடப் போங்கள்.

மேலிருந்து இறங்கி அடிக்கிற பாகத்துக்கு ராம் என்று பெயர். பெயரைப் பார்த்து நம்பிவிடக் கூடாது. பழைய பிரஸ்களில் இருப்பது பின் கிளட்ச். பெடலை மிதித்தால் பின் விழுந்து ஃப்ளைவீலைக் கவ்வும். கவ்விவிட்டால் ஒரு சுற்று முடியாமல் விடாது. நடுவில் "ஐயோ" என்றாலும் நிற்காது. பின் முனை மழுங்கினாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ, பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் கழலாது. ராம் மேலே போய், யாரும் கூப்பிடாமலே இன்னொரு தரம் கீழே வரும். இதற்கு எங்கள் பக்கத்தில் டபுள் அடி என்று பெயர். முதல் அடி ஜாபுக்கு, இரண்டாவது அடி ஜாபை எடுக்கப் போன கைக்கு.

டீலர் ஐந்து அடி அடித்துக் காட்டுவார். ஐந்தும் அருமையாக இருக்கும். கிராங்க் முனையில் ஒரு சாக்பீஸ் கோடு, எதிரே பாடியில் ஒரு கோடு போட்டுவிட்டு ஐம்பது அடி அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு கோடும் நேருக்கு நேர் வந்து நிற்க வேண்டும். போகப்போக ஒரு விரல் தள்ளி நின்றால் பிரேக் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் லைனிங்கில் எண்ணெய் இறங்கியிருக்கிறது. 'ஒரு விரல் தள்ளி' என்பதை அளவாகத்தான் சொன்னேன்.

வேலை கற்றுக்கொண்ட இடத்தில் எனக்கு வாய்த்த மெஷினில் இரட்டைப் பட்டன் இருந்தது. இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் ராம் இறங்கும். அந்த நேரத்தில் கை உள்ளே இருக்க வழியே இல்லை. அற்புதமான ஏற்பாடு. ஒரு பட்டனில் தீக்குச்சியை ஒடித்துச் சொருகினால் ஒரு கை மிச்சமாகும், மணிக்கு நூறு ஜாப் கூட வரும் என்று முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். குச்சி சொருகியது நான்தான். சொருகச் சொன்னது யார் என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை.

2025 வரை நடைமுறையில் இருந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் பின்னால் ஓர் அட்டவணை உண்டு. பிரஸ் வாங்குகிறவர்கள் விலைப் பட்டியலோடு அதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்ற கணக்கு: கட்டைவிரல் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலும் சுண்டு விரலும் தலைக்கு 7. ஒரு கணு மட்டும் போனால் ஆள்காட்டிக்கு 9, நடுவிரலுக்கு 7. நான் 7. ஒரு நடுவிரல் கணுவும் ஒரு முழுச் சுண்டு விரலும் சட்டத்தின் தராசில் சமம் என்று தெரிந்தபோது ஏனோ கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இந்த இடத்தில் மட்டும் கிண்டல் இல்லாமல் ஒன்று. துண்டான விரலை நேராக ஐஸில் போடாதீர்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து எடுத்துப் போங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது. என்னுடையதை நேராக ஐஸ் தண்ணீரில் போட்டுத்தான் கொண்டுபோனார்கள்.

மோட்டார், பெல்ட் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம், நேரம் செலவழிக்காதீர்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் ஃப்ளைவீலில் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். டீலர் சொல்கிற வயதைவிட அது சரியாக இருக்கும்.

எல்லாம் திருப்தி என்றால், அட்வான்ஸ் கவரைச் சட்டைப்பையிலிருந்து பாதி வெளியே தெரிகிற மாதிரி எடுத்துக்கொண்டு, கடைசியாக ஒன்று கேளுங்கள். போன மாதம் மண்ணூர்ப்பேட்டையில் நானும் கேட்டேன். "அண்ணே, டையில ஒரு ஜாப் வெச்சு, நீங்களே கையால எடுத்து, ஒரு இருபது அடி ஓட்டிக் காட்டுங்க."

அவர் கவரைப் பார்த்தார், ராமைப் பார்த்தார், மோதிரம் போட்ட தன் கையைப் பார்த்தார். பிறகு ஷெட்டின் பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

"டேய் தம்பி, இங்க வாடா."