பின்சக்கர சாஸ்திரி

மோட்டார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தமக்கு முன்னால் வருவது என்ன என்று பார்த்து ஓட்டுகிறவர்கள். ஆனால், தம் வண்டியின் பின்சக்கரங்கள் இரண்டும் இந்த க்ஷணத்தில் என்ன மனோநிலையில் இருக்கின்றன என்ற ஒரே சிந்தையில் அகோராத்திரமும் ஆழ்ந்து கிடக்கும் ஒரு சிறுபான்மையோரும் நம் கொங்கு நாட்டில் வாழ்ந்து வருகிறார்கள். மாருதி 800இன் எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி சமைத்துக் காட்டிய கரிவர்தனும், 2005ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் கோயம்புத்தூர்க்காரர்களாக அமைந்துவிட்டபடியால், சுற்றுவட்டாரத்தில் இத்தகையவர்கள் முளைப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தவர் வார நாட்களில் ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கணக்குப் பார்ப்பவர். மற்ற நேரங்களில், பந்தயத் தளத்தில் ஓட்டுவதற்கென்றே வாங்கிய ஒரு பழைய ஸ்விஃப்ட் காரின் பின்புறத்துக்கு எந்த ஸ்பிரிங், எந்த ஷாக் அப்சார்பர் உத்தமம் என்று நிர்ணயிப்பவர்.

அந்த நிர்ணயம் இன்னும் முடியவில்லை. முடியாததற்குச் சாஸ்திர ரீதியான காரணம் உண்டு என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். எஞ்சின் முன்னால் இருந்து, இழுப்பதும் முன்சக்கரம், திரும்புவதும் முன்சக்கரம் என்று ஆகிவிட்ட வண்டியில், வளைவுக்குள் வேகமாக நுழைந்தால் முன்பாகம் சொன்ன பேச்சைக் கேளாமல் வெளிப்பக்கமாகவே நழுவும். இதற்குப் பரிகாரம் பின்பக்கத்தை விறைப்பாக்குவது. விறைப்பு ஏற ஏற, உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டே எழும்பிக் காலைத் தூக்கி நிற்கும்; வால் சுலபமாகச் சுழன்று வரும். வளைவின் நடுவே பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தாலோ, அதே வால் டிரைவரை முந்திக்கொண்டு போகவும் தயாராகிவிடும். ஆகவே எவ்வளவு விறைப்பு என்பதே பிரச்சினை. அதில்தான் மதபேதங்கள் உற்பத்தியாகின்றன.

ஸ்விஃப்டின் பின்புறத்தில் ஸ்பிரிங் ஓரிடத்திலும் ஷாக் வேறிடத்திலும் தனித்தனியே நிற்பதால் அதைத் துவைதம் என்றும், வேறு சில வண்டிகளில் இரண்டும் ஒரே தண்டில் ஐக்கியமாகி ஸ்ட்ரட் என்ற திருநாமம் பெற்றிருப்பதால் அதை அத்வைதம் என்றும் நம்மவர் விளக்கம் சொல்வார். இணைப்பு மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்ஷை எறிந்துவிட்டு பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்பதில் மட்டும் அவருக்கு விசிஷ்டாத்வைதம்: போடலாம், ஆனால் எல்லா இடத்திலும் கூடாது. வண்டியின் பாரம் குறைய வேண்டும் என்று பின் இருக்கையைக் கழற்றினார். பாரம் குறைந்ததும் அதுவரை சரியாக இருந்த ஸ்பிரிங் விறைத்துப்போய்விட்டது. மெலிந்த ஸ்பிரிங் வாங்கிப் போட்டார். வீட்டம்மாள் கோபித்ததன்பேரில் இருக்கை திரும்பி வந்தது. வண்டி பின்னால் உட்கார்ந்துவிட்டது.

இவ்வண்ணம் உட்கார்ந்த வண்டியில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குடும்பத்தாரோடு எனக்கும் மாதேஸ்வரன் மலைக்குப் பிரயாணம் ஏற்பட்டது. மைசூரிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளி, இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கும் அந்த க்ஷேத்திரம், 1956 வரை நம் கோயம்புத்தூர் ஜில்லாவின் கொள்ளேகால் தாலுகாவைச் சேர்ந்ததாகையால், மேட்டூர், பவானி, ஈரோட்டுக் குடும்பங்களுக்கு மாதேஸ்வரனாகிய மாதப்பன் அந்நிய தெய்வமல்ல. பாலாற்றுச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் காடு. காட்டின் பின் கொண்டை ஊசி வளைவுகள். குடும்பத்தாருக்கு இது பிரார்த்தனை. நம்மவருக்கு இது பரீட்சை.

முதல் வளைவிலேயே ஓர் அரசுப் பேருந்து முன்னால் அகப்பட்டுக்கொண்டது. ஓரத்தில் பாதயாத்திரைக்காரர்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். மலை உச்சி வரை எங்கள் வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டவில்லை என்பதற்கு ஸ்பீடோமீட்டரே சாக்ஷி. அப்படியிருந்தும் ஒவ்வொரு வளைவிலும் அவர் இமைகளைச் சற்றே இடுக்கி, “வருது பாருங்க ஸார், வால் வருது!” என்று எனக்கு அறிவித்துக்கொண்டே வந்தார். எனக்கு வந்தது வாலல்ல. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு பின்னால் இருந்த அவருடைய தாயார் அவ்வப்போது என் தோளில் வந்து மோதினார். “பின்னால எப்படிம்மா இருக்குது?” என்று நம்மவர் கேட்டார்.

“என்ற இடுப்பைக் கேக்கறயா கண்ணு, உன்ற வண்டியக் கேக்கறயா?” என்றார் அந்த மாதரசி.

எழுபத்தேழு மலைகளுக்கு அதிபதி என்று கொண்டாடப்படும் மாதேஸ்வரருக்கு வாகனம் புலி. சந்நிதியில் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கையில், நம்மவர் புலியின் மேல் வீற்றிருக்கும் சுவாமியை நெடுநேரம் உற்று நோக்கி, என் காதருகே குனிந்து, “பூனை ஜாதிக்கு ரியர் வீல் டிரைவ், ஸார்!” என்றார். பக்திப் பரவசத்தில் எத்தனையோ விதம் உண்டு. இதை நான் குறைவாக மதிக்கவில்லை.

இறங்கும்போது ‘கடகட’வென்று ஒரு சத்தம் பின்பக்கத்தில் குடியேறியது. மறுநாள் பட்டறையில் மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் புகுந்து வெளிவந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “புஷ்ஷு நஞ்சு போச்சுங்க, அது சின்ன வேலை. ஸ்பிரிங்கெல்லாம் அப்புறம் யோசிக்கலாமுங்க. மொதல்ல டயரப் பாருங்க.” டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களில் முதலிரண்டு அது வார்க்கப்பட்ட வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். அங்கே 2214 என்று இருந்தது. 2014ஆம் ஆண்டின் இருபத்திரண்டாம் வாரத்தில் பிறந்து, மரக்கட்டையாக இறுகி, பக்கங்களில் வெடிப்பு ஓடிக் கிடந்த அந்த ரப்பரின் மேல்தான் துவைதமும் அத்வைதமும் இத்தனை காலமும் நின்றுகொண்டிருந்தன. தரையைத் தொடுவது டயர் ஒன்றே. அது பிடிக்காத வண்டிக்கு எந்த ஸ்பிரிங்கும் பிடிப்பைக் கொடுக்காது என்பது இத்துறையில் பாலபாடம். நம்மவர் அதைக் கேட்டுக்கொண்டார். புது டயர் வாங்கினால் அதன் பிடிப்புக்கு ஏற்ற ஸ்பிரிங் எது என்று அப்போதே ஒரு காகிதத்தில் கணக்குப் போடவும் ஆரம்பித்துவிட்டார்.

அந்த வண்டி ஓடுவதற்குத் தளங்கள் இல்லாமலில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளப் பந்தயத் தளம் இருக்கிறது. அதற்கு முன்னே சோழவரத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்துத் தளமோ ஈரோட்டிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம். மூன்றின் சரித்திரத்தையும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவருடைய ஸ்விஃப்ட் இவற்றில் எதிலும் இதுவரை சக்கரம் வைத்ததில்லை, பின்புறம் தயாராகவில்லையாம்.

இத்தகைய சிநேகிதர் உங்களுக்கும் ஒருவர் வாய்த்து, சுவாமி தரிசனத்துக்கு வருகிறீர்களா என்று அழைத்தால், தரிசனத்தை மறுக்க வேண்டாம். மேட்டூர் பேருந்து நிலையத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் பேருந்து போகிறது; அதில் முன்பக்கத்து இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள்.