பார்சல் விடு தூது: சிறு இணைய வணிகரின் அனுப்புமுறைத் தேர்வு குறித்த முதற்கட்ட ஆய்வு

ஆய்வேடு எழுதுகிறவர் முதலில் செய்ய வேண்டியது, தமது துறையை முன்னோர் எவரும் தொடவில்லையே என்று வருந்துவது. அந்த வருத்தம் இக்கட்டுரைக்கும் உண்டு. அடுக்களையில் இட்லிப் பொடி அரைத்து, வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் படம் போட்டு, ஆர்டர் பிடித்து, மாலை நாலரை மணிக்குப் பொட்டலமும் கையுமாக வாசலில் நின்று, "போஸ்ட் ஆபீஸா, கொரியரா?" என்று ஒரு விற்பனையாளர் தயங்குகிறாரே, அந்தத் தயக்கத்துக்கு இதுவரை எவரும் இலக்கணம் வகுத்ததாகத் தெரியவில்லை. அகத்திணையில் உடன்போக்குக்கு இடம் இருக்கிறது. பொட்டலப்போக்குக்கு இல்லை.

வேகம், செலவு, பாதுகாப்பு மூன்றையும் சீர்தூக்கி விற்பவர் முடிவெடுக்கிறார் என்பது பொதுவாக நிலவும் கொள்கை. இக்கட்டுரை அதை மறுக்கிறது. விற்பவர் எதையும் முடிவெடுப்பதில்லை. பொருள், தராசு, பின்கோடு, கவுன்ட்டரில் இருப்பவரின் அன்றைய மனநிலை ஆகிய நான்கும் கூடிப் பேசி எடுத்த முடிவு கடைசியில் அவருக்குத் தெரிவிக்கப்படுகிறது. அதைத் தம் தேர்வு என்று அவர் நம்புவது தனியே ஆராயத்தக்க உளவியல் சிக்கல்.

பழந்தமிழர் இச்சிக்கலை எதிர்கொண்டதற்குச் சான்று உண்டு. தூது விடத் தகுந்தவை அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனப் பத்தைப் பாட்டியலார் வகுத்தனர். ஆக அன்றே பத்து சர்வீஸ்கள் இயங்கின. ஆனால் பொருளைக் கையில் கொடுத்தால் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடியவர் இவற்றில் தோழி ஒருத்திதான். மேகத்திடம் கொடுத்தால் நனைந்துவிடும். நெஞ்சு போன இடத்திலேயே தங்கிவிடும் வழக்கமுடையது என்று புலவர்களே புகார் செய்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் அவர்கள் சரியாகக் கணித்திருந்தனர்: போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாகத் தலைவனிடம் மாலை வாங்கி வரச் சொன்னார்கள். இன்று டெலிவரி பையன் போனில் விரலால் கிறுக்கச் சொல்வது அந்த மாலையின் தேய்ந்த வடிவம் என்க.

முகவரி எழுதுவதிலும் மரபு அறுபடவில்லை. சத்திமுற்றப் புலவர் பட்டியலில் இல்லாத நாரையைப் பிடித்து, அதாவது அங்கீகாரம் பெறாத ஏஜென்சி மூலம், மனைவிக்குச் சேதி அனுப்பினார். அவர் கொடுத்த முகவரியில் கதவு எண் இல்லை, தெரு இல்லை. ஊர்ப்பெயரும், மழையில் நனைந்த சுவரும், நல்ல சகுனத்துக்காகப் பல்லியின் குரலை எதிர்பார்த்திருக்கும் மனைவியும்தான் லேண்ட்மார்க். இன்றைய வாடிக்கையாளர் அனுப்புவது: "மாரியம்மன் கோயில் பக்கத்துல, தண்ணி டேங்க் எதிர்ல, புதூர். போன் பண்ணச் சொல்லுங்க அக்கா, நானே வந்து வாங்கிக்கிறேன்." எந்தப் புதூர் என்பது வாசகர் ஊகத்துக்கு விடப்படும்.

இந்தக் கவிதைப் போக்குக்கு எதிராக எழுந்ததே பின்கோடு. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த இந்த ஆறு இலக்க முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு. கொரியர் ஆபீசில் முதலில் கேட்கப்படுவது இந்த எண்தான். கவுன்ட்டரில் இருக்கும் பெண் அதைத் தட்டுகிறார், திரையைப் பார்க்கிறார், உதட்டைப் பிதுக்குகிறார். "அங்கெல்லாம் டெலிவரி கிடையாதுங்க. பக்கத்து டவுன் ஆபீசுக்கு வந்து வாங்கிக்கச் சொல்லுங்க." அங்கே முடிந்தது விற்பவரின் தேர்வு. நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை கிராமங்களில். ஆகவே பொட்டலம் அஞ்சலகத்துக்கு நடக்கிறது. மணி ஐந்தாகிவிட்டால் ரயில் நிலையத்து அஞ்சல் பிரிப்பகமான ஆர்.எம்.எஸ்ஸுக்கு ஓடுகிறது, அங்கே இரவிலும் ஸ்பீடு போஸ்ட் வாங்கும் ஊர்கள் உண்டு என்பது விற்பனையாளர்கள் தங்களுக்குள் மட்டும் பரிமாறிக்கொள்ளும் மறைபொருள்.

அடுத்தது தராசு. கொரியர் உலகில் எடை தொடர்ச்சியானதன்று. அது அரைக் கிலோ அரைக் கிலோவாகத் தாவும். அரைக் கிலோ பொடி ஒருபோதும் அரைக் கிலோ இருப்பதில்லை. கவர், அட்டைப்பெட்டி, டேப், "அன்புடன் வாங்கியதற்கு நன்றி" அட்டை எல்லாம் சேர்ந்து 560 கிராம் ஆகி, ஒரு கிலோவுக்கான கட்டணத்தைக் கேட்கும். வீட்டுப் பொடிகள் பல 400 கிராம் பாக்கெட்டாக வருவதற்கு ருசியோ பாரம்பரியமோ காரணமன்று என்பது இவ்வாய்வின் துணிபு.

தராசை வென்றவர்களை அடிஸ்கேல் பிடிக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. நிஜ எடையும் இதுவும் மோதினால், எது அதிகமோ அதற்குத்தான் காசு. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எடுத்துக்கொள்வோம். காகிதக் கூழால் ஆனது, ஒரு கிலோகூட இருக்காது. உடையாமல் போக 30க்கு 30க்கு 40 பெட்டியில் வைத்தால் கன அளவு எடை 7.2 கிலோ. பொம்மை தலையை ஆட்டுவது இந்தக் கணக்கைக் கேட்டுத்தான் என்று ஒரு சாரார் கருதுவர்.

இனி இவ்வாய்வின் மையச் சிக்கலுக்கு வருவோம்: தொக்கு திடமா, திரவமா?

விமானத்தில் ஏறும் பார்சலில் திரவம் கூடாது என்பார்கள். தரைவழியே போனாலும் எண்ணெய் கசிந்தால் பொறுப்பில்லை என்பார்கள். ஆகவே கவுன்ட்டரில் நடக்கும் உரையாடல் தத்துவ விசாரணையாகிறது. "உள்ள என்ன?" "தொக்குங்க." "லிக்விடா?" இங்கே ஒரு நீண்ட மௌனம். மாவடு திரவத்தில் மிதப்பது, அதில் வாதமில்லை. பருப்புப் பொடி திடம். இவ்விரண்டுக்கும் நடுவே தக்காளித் தொக்கு, புளிக்காய்ச்சல், வத்தக்குழம்புப் பேஸ்ட் எனப் பல பொருள்கள் எந்தத் திணையிலும் அடங்காமல் திரிகின்றன. சாய்த்தால் நகராதது திடம் என்பார் ஒருவர். நகரும், ஆனால் நாளைக்குத்தான் என்பார் மற்றொருவர். நெய்யின் நிலை இன்னும் நுட்பமானது. ஊட்டியில் மார்கழியில் திடமாகப் புக் செய்யப்பட்டு வேலூரில் சித்திரையில் திரவமாக டெலிவரி ஆகும் தன்மையது. நெய் விற்பவர் பருவம் பார்த்தே பதில் சொல்கிறார். தொக்கு விற்பவர்களுள் முதிர்ந்தோர் "ஹோம்மேட் ஃபுட்" என்று மட்டும் சொல்லி, கேள்வி எழாத உயரத்தில் நின்றுவிடுவர். இது பொய்யன்று, பொதுமைப்படுத்தல்.

பாட்டிலைச் சுற்றும் குமிழித் தாளை 1957இல் நியூ ஜெர்சியில் ஃபீல்டிங், ஷவான் என்ற இரு பொறியாளர்கள் செய்தது சுவரில் ஒட்டும் தாளாக. சுவருக்கு ஆகாதது ஊறுகாய்க்கு ஆயிற்று. நம்மவர்கள் அதற்கும் மேலே பழைய தினசரி, அதற்கும் மேலே ரேஷன் கடைப் பை, அதற்கும் மேலே பிரவுன் டேப் என்று ஏழு சுற்றுச் சுற்றுகிறார்கள். வாங்கியவர் பாட்டிலை அடைய அரிவாள்மனை தேவைப்படும். கன அளவு எடையும் ஏறும். பாதுகாப்பே செலவாகும் இந்த முரணைத் தீர்க்க யாராலும் முடியவில்லை. சிவகாசிப் பட்டாசு இவ்வாய்வில் இடம்பெறாது. அஞ்சல் விதி வெடிபொருளை ஏற்காது; இணையவழிப் பட்டாசு விற்பனையையும் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது.

நூல் விற்பவர்களின் அல்லல் வேறு வகை. மலிவான புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் திடீரென நின்றது. 2025 மே முதல் ஞான் போஸ்ட் வந்தது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கு இது பொருந்தும். நவீன கவிதை இந்நான்கில் எதில் அடங்கும் என்பதை விமரிசகர்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவர் சப்-போஸ்ட்மாஸ்டர்தான்.

மூட்டைகளுக்கு லாரி பார்சல். இளம்பிள்ளைச் சேலைக் கட்டும் சென்னிமலைப் போர்வைக் கட்டும் அப்படித்தான் போகும்; சரக்கை எடுப்பவரே காசைக் கட்டிக்கொள்ளும் "டு பே" முறை இதன் அழகு. அவசரத்துக்கு ஆம்னி பஸ். இதில் டிராக்கிங் நம்பர் என்பது டிரைவரின் செல்போன் எண். "விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கிளாம்பாக்கம் வந்துரும், பச்சைக் கலர் பஸ், டிரைவர் பேரு மணி" என்பதே முழு ஆவணம். முன்பு கோயம்பேடாக இருந்தது, 2023 டிசம்பர் இறுதியில் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பட்ட பின் கிளாம்பாக்கம் ஆயிற்று. வடசென்னை வாடிக்கையாளருக்கு இனி பார்சல் ஊரிலிருந்து வருவதைவிட அவர் பார்சலிடம் போவதே பெரும் பயணம். இம்முறையில் சுங்கமில்லை, கன அளவில்லை, தொக்கு திடமா என்ற கேள்வி இல்லை. டிரைவர் தூங்கிவிட்டால் பதிலும் இல்லை.

பொருளைப் பார்த்துப் பணம் தருகிறேன் என்பவரை இக்காலத்துப் பிறவி எனக் கருதுவது பிழை. பொருளைப் பெறும்போது பணம் கட்டும் வி.பி.பி. முறையை இந்திய அஞ்சல் துறை 1877இலேயே கொண்டுவந்துவிட்டது. லேகியம், கைக்கடிகாரம், பஞ்சாங்கம் எல்லாம் தமிழ்ப் பத்திரிகை விளம்பரங்களில் "வி.பி.பி.யில் அனுப்பப்படும்" என்றே வந்தன. ஆக, வாங்குபவர் விற்பவரை நம்பாமலிருப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு மரபு உண்டு. கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டர் செய்தவர், பார்சல் வாசலுக்கு வரும் நேரத்தில் மனம் மாறுவார். அல்லது ஆர்டர் செய்த மருமகள் வேலைக்குப் போயிருக்க, "நாங்க ஒண்ணும் கேக்கலியே" என்று மாமியார் சொல்வார். திரும்பி வரும் வழிக்கும் கட்டணம் விற்பவருடையது. பொடி சென்னை சென்று திரும்பிய அனுபவத்துடன் வீட்டுக்குள் நுழையும்; அதை அன்றிரவு வீட்டாரே இட்லிக்குத் தொட்டுக்கொள்வர்.

முன்பணம் கட்டியவருக்கு வேறு நோய். புக் செய்த மறுநாளே "எப்போ வரும் சிஸ்டர்?" தொடங்கும். டிராக்கிங் பக்கம் ஆறுதல் தருவதற்காக உண்டாக்கப்பட்டது. நடப்பில் அது கவலைக்கு மணிக்கொரு தரம் தீனி போடுகிறது. பொட்டலம் கரூரிலிருந்து திண்டுக்கல் போக ஏன் சென்னை வழியே செல்கிறது என்று கேட்பவருக்கு, பொட்டலங்கள் நேர்கோட்டில் நகர்வதில்லை, ஹப்புகளில்தான் நகர்கின்றன என விளக்க வேண்டியிருக்கும். நாள் முழுக்க வாசற்கதவு திறந்து கிடக்க "டோர் லாக்டு" என்ற குறிப்பு வந்தால் மட்டும் விளக்கம் எதுவும் உதவாது.

"ஃப்ரீ ஷிப்பிங்" பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: 120 ரூபாய்ப் பொடிக்கு 60 ரூபாய் கொரியர் சார்ஜ் என்றால் சண்டைக்கு வருபவர், 180 ரூபாய், டெலிவரி இலவசம் என்றால் வாழ்த்திவிட்டு இரண்டு வாங்குவார்.

எஞ்சியிருப்பது கடல் கடந்த வாணிபம். 800 டாலர் வரையிலான பொருள்களுக்கு இருந்த சுங்க விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. அதையொட்டி இந்திய அஞ்சல் துறை அந்நாட்டுக்கான பார்சல்களைச் சில வாரங்கள் வாங்கவில்லை. அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கு, டல்லஸிலும் சான் ஓசேயிலும் தவிக்கும் நாக்குகளை அடைய எளிய வழி, "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது போறாங்களா?" என்பதே. இம்முறையில் கட்டணம் ரூபாயில் வசூலிக்கப்படுவதில்லை. எடுத்துச் செல்பவர் பொட்டலம் வாங்க வரும்போது உட்கார வைத்து டிபன் கொடுக்க வேண்டும், அவர் மகளின் கிரீன் கார்டு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும், அவருக்கென்று தனியே அரைக் கிலோ கட்டிக் கொடுக்க வேண்டும். அந்த அரைக் கிலோவால் பெட்டி விமானத்தில் அனுமதிக்கப்படும் 23 கிலோவைத் தாண்டுகிறது. விமான நிலையத்து எடைமேடையில் வெளியே எடுக்கப்படுவது யாருடைய அரைக் கிலோ என்பதில் கிடைத்த தரவுகள் அனைத்தும் ஒருமுகமாகவே உள்ளன.