தொட்டுப் பார்க்கும் ஜனங்கள்

எவனுடைய கட்டைவிரல் என்று தெரியவில்லை. பெரிய விரல். ரேகை சுழி சுழியாகச் சுத்தமாக விழுந்திருக்கிறது. ரேஷன் கடை மெஷினில் வைத்தால் இவ்வளவு தெளிவாக விழாது, மூன்று முறை துடைத்துவிட்டு வைக்கச் சொல்வார்கள். நேற்று சாயங்காலம் அடித்த மேட் பிளாக், துப்பாக்கியின் இடது பக்கம், விசைக்கு ஓர் அங்குலம் மேலே.

துப்பாக்கி என்றதும் பதற வேண்டாம். ஏர்சாஃப்ட். 6 மி.மீ. பிளாஸ்டிக் உருண்டை சுடுகிற சமாச்சாரம். நிஜத் துப்பாக்கியைக் கண்ணிலேயே காட்டாத ஜப்பானில் பிறந்த விளையாட்டு. டோக்கியோ மாருயி கம்பெனி 1991இல் பேட்டரியில் ஓடுகிற மாடலை இறக்கியதும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் மும்பை சீத்தா கேம்ப் வரைக்கும் வந்து சேர்ந்தது அக்கா மகன் வேலை பார்க்கும் குறும்படத்தின் தயவில். வாங்கும்போது பளபளவென்று சாம்பல் நிறத்தில், மூக்கில் ஆரஞ்சுக் குப்பியோடு இருந்தது. “மாமா, ஃபுல்லா பிளாக் அடிச்சுக் குடுங்க. உரியக் கூடாது” என்றான்.

மூக்கைத் தொட மாட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். அமெரிக்காக்காரன் ஆரஞ்சு மூக்கைச் சட்டமாகவே வைத்திருக்கிறான். பிரிட்டனில் 2006ஆம் வருடத்துச் சட்டப்படி நிஜம்போல் இருக்கிற பொம்மையை விற்பதற்கே ஆயிரம் நிபந்தனை. நாமோ பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் மதில் ஓரமாகக் குடியிருப்பவர்கள். கேட்டில் சிஐஎஸ்எஃப் ஜவான் நிற்கிறான். அவனிடம் இருப்பது ஏர்சாஃப்ட் இல்லை. மூக்கு வரை கறுப்படித்த துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு பெஸ்ட் பஸ்ஸில் அவனைத் தாண்டிப் போகிறவன் குறும்படம் எடுக்கப் போவதில்லை. செய்தியில் வரப் போகிறான்.

சரி, எந்த பெயின்ட் அடித்தால் உரியாமல் நிற்கும் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் இந்தத் தொட்டுப் பார்க்கிற ஜனங்களைப் பற்றி ஒரு வார்த்தை.

துப்பாக்கியைக் கம்பியில் கோத்து வாசல் கொடியில் தொங்கவிட்டிருந்தேன். பக்கத்தில் ஒரு அட்டை: “பெயின்ட் ஈரம். தொடாதீர்கள்.” தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று. அட்டையை எழுதாமல் இருந்திருந்தால் பாதிப் பேர் கவனித்திருக்கவே மாட்டார்கள். எதிர்வீட்டு அக்கா அட்டையை வாய்விட்டுப் படித்தார், படித்து முடித்த கையோடு ஒற்றை விரலால் தொட்டார், “காயலியே?” என்று என்னைக் குற்றம் சொன்னார். இது ஒரு ரகம். நாம் ஏதோ ஏமாற்றிவிட்டோம் என்கிற ரகம். இன்னொரு ரகம் நாசூக்கானது, நகத்தின் பின்பக்கத்தால் தட்டிப் பார்க்கும். அதில் பிறை வடிவில் ஒரு கீறல் விழும். கேஸ் சிலிண்டர் தூக்கி வந்த பையா சிலிண்டரை இறக்கிவைத்தான், தொட்டான், விரலை முகர்ந்து பார்த்தான், பிறகு அந்த விரலை என் வீட்டுக் கதவிலேயே துடைத்துவிட்டு “அச்சா ஹை” என்று சான்றிதழும் கொடுத்தான். சர்ச்சுக்குப் போகிற வழியில் ஒருவர், மதரஸா விட்டு வந்த பையன்கள் நாலு பேர், தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஒரு பெண். ஜாதி மத பேதமே இல்லை. குடத்தை இடுப்பில் வைத்திருந்ததால் அந்தப் பெண்ணுக்குக் கை ஒழியவில்லை. குழந்தையைத் தொடச் சொன்னாள்.

திருநெல்வேலியிலிருந்து அக்கா வீடியோ காலில் வந்தாள். மகனுடைய துப்பாக்கி எப்படி வந்திருக்கிறது என்று காட்டினேன். பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: “தொட்டுப் பாத்தியா?” தொட முடியாத தூரத்தில் இருக்கிறவளுக்கும் அரிக்கிறது.

இதெல்லாம் போகட்டும். தெருமுனை அண்ணாச்சிதான் உச்சம். வேறொரு இடத்தில் கட்டைவிரலை அழுத்தி வைத்து, கால் வட்டம் திருகி எடுத்தார். எனக்கு வயிறு எரிந்ததைவிட ஆச்சரியம்தான் அதிகம். ஏனென்றால், பெயின்ட் காய்ந்ததா என்று பார்க்க அமெரிக்க ஏஎஸ்டிஎம் தரநிலை சொல்கிற பரிசோதனைகளில் ஒன்று அட்சரம் பிசகாமல் இதேதான்: கட்டைவிரலை முழு பலத்தோடு அழுத்தி 90 டிகிரி திருக வேண்டும்; படலம் சுருங்காமல், கழலாமல் இருந்தால் உள்வரை காய்ந்தது என்று அர்த்தம். அண்ணாச்சி எட்டாங்கிளாஸ். ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டிய மனுஷன் இங்கே தேங்காய் விற்றுக்கொண்டிருக்கிறார். ஆனால் பரிசோதனை எப்போது செய்வது என்று ஒன்று இருக்கிறதல்லவா? டப்பாவில் ‘டச் டிரை’ என்று ஒரு நேரமும் ‘ஹார்ட் டிரை’ என்று வேறொரு நேரமும் போட்டிருப்பது அலங்காரத்துக்கா? மேலே ஏடு கட்டியிருக்கும், உள்ளே பிசுபிசுவென்று இருக்கும். எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித்தான் இறுகும். அதற்கு நாள் கணக்கு ஆகும். அதுவும் எங்கள் காற்றில்!

எங்கள் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1976 மே மாதம், எமர்ஜென்சியில், ஜனதா காலனியை இடித்து அத்தனை ஜனத்தையும் கொண்டுவந்து கொட்டிய இடம் இது. ஒரு பக்கம் கழிமுகம், உப்பு, சதுப்பு. இன்னொரு பக்கம் மாஹூல் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை. ஜூலையில் துவைத்த பனியனே மூன்று நாள் காயாது; பெயின்ட் எங்கே காயும்? தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரக்காற்றிலுள்ள தண்ணீர் அதன்மேல் இறங்கி, கறுப்பு வெளுத்துப் பூத்துவிடும். இந்த ஊரில் பெயின்ட் தெரிந்தவர்கள் டிராம்பே கோலிவாடா மீனவர்கள்தான். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. படகைக் கரையேற்றிச் சுரண்டி, நிதானமாகப் பூசுவார்கள். அங்கே போய் யாராவது விரலை வைக்கட்டும் பார்க்கலாம்.

பெயின்டுக்கு வருகிறேன். பையன் முதலில் பவுடர் கோட்டிங் கேட்டான். 180 டிகிரிக்கு மேல் அடுப்பில் வைக்க வேண்டும். இந்தத் துப்பாக்கியின் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கோ 100 டிகிரியிலேயே இளகிவிடும். திறந்து பார்த்தால் ஊத்தப்பம்தான் இருக்கும். அப்புறம் செராகோட் என்றான். பீங்கான் கலந்த பூச்சு, நிஜத் துப்பாக்கிக்கு அடிப்பது. துப்பாக்கி விலை என்ன, பூச்சு விலை என்ன என்று கேட்டதும் போனை வைத்துவிட்டான். கார் பட்டறையில் அடிக்கிற டூ-கே பெயின்ட் நன்றாகத்தான் நிற்கும். ஆனால் அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, சரியான முகமூடி இல்லாமல் கிட்டே போகக் கூடாது. எங்கள் சந்து நாலடி அகலம். ஆகவே சோப்புப் போட்டுக் கழுவி, 600 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர் கொடுத்து, மெல்லிசு மெல்லிசாக ஸ்ப்ரே டப்பாவில் அடித்தேன். நடுநடுவே நானும் தொட்டுப் பார்த்தேன்தான். அது வேறு. அடித்தவன் தொடுவது வேலையில் சேர்ந்தது.

ரேகையைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்கலாம் என்று வாட்டர் பேப்பரை நனைத்துக்கொண்டிருக்கும்போது பையன் போன் செய்கிறான். டைரக்டர் மனசு மாறிவிட்டாராம். துப்பாக்கி புதுசாகத் தெரியக் கூடாதாம். பத்து வருஷம் காட்டில் அடிபட்ட மாதிரி, ஓரமெல்லாம் உரிந்து, கைபட்ட இடமெல்லாம் மங்கி இருக்க வேண்டுமாம். அதற்கென்று தனி வித்தை இருக்கிறதாம், வெள்ளி பெயின்டைக் காய்ந்த பிரஷ்ஷில் தொட்டு ஓரத்தில் இழுக்க வேண்டுமாம், வீடியோ அனுப்புகிறானாம்.

வீடியோ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிரைமர், இரண்டு டப்பா பிளாக், ஒரு மேட் கிளியர், வாட்டர் பேப்பர் எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது. டைரக்டருடைய நம்பரைத்தான் கேட்டிருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.