நெடுஞ்சாலை உடன்போக்கில் புளிச்சோறு பிரிக்கும் இடம்: ஒரு முன்னாய்வு

மதுரையிலிருந்து ஸ்ரீநகர்வரை சொந்தக் காரில் போகும் ஒரு தம்பதியரின் முதல் நாளை இக்கட்டுரை ஆராய்கிறது. இரண்டாம் நாள் முதல் நடப்பது வெறும் பயணம். அதை யாரும் ஆராயலாம். தம்பதியரின் பெயர் தரப்படவில்லை. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியர் விதி. தலைவி இதைப் படித்துவிடக் கூடும் என்பது துணைக் காரணம்.

ஆய்வின் தேவை: கருத்தரங்கம் அடுத்த மாதம். பதிவுக் கட்டணம் கட்டியாயிற்று. கட்டணம் கட்டியவர் கட்டுரை தொகுப்பில் வந்தே தீரும் என்பதால், முடிவு எப்படி அமைந்தாலும் குற்றமில்லை.

முதலில் திணை. தலைவி தலைவனோடு வீட்டைவிட்டுப் போவது உடன்போக்கு. அது பாலைக்கு உரியது. கல்யாணமாகிப் பல ஆண்டு கழிந்தவர்கள் போவது எப்படி உடன்போக்காகும் என்பாரும் உளர். வீட்டுக்கடன் முடியுமுன் சம்பளமில்லா விடுப்பில் காஷ்மீர் போவதை இரு வீட்டாரில் ஒருவரும் ஒப்பவில்லை. ஆகவே உடன்போக்கே என்க. மேலும், பாலைக்கென்று தொல்காப்பியர் நிலம் ஒதுக்கவில்லை, நான்குவழிச் சாலைக்கும் ஊர் என்று ஒன்று கிடையாது. பாலைக்குப் பொழுது நண்பகல். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பத் திட்டமிட்ட கார், கரூரைத் தாண்டிய பொழுதும் அதுவே.

பாலை மக்களான எயினரின் தொழில் ஆறலைத்தல், அதாவது வழிப்போக்கரை மறித்துப் பொருள் பறித்தல். இதன் இன்றைய வடிவம் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் வளர்ச்சியைப் பதிவு செய்தாக வேண்டும். ஒரே சாலையில் ஒரு சுங்கச்சாவடிக்கும் அடுத்த சாவடிக்கும் இடையே 60 கிலோமீட்டராவது இருக்க வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டுக் கட்டண விதி, விலக்குகளும் உண்டு. எயினரிடம் இந்த ஒழுங்கு இருந்ததாகச் சான்றில்லை. 2021 பிப்ரவரியிலிருந்து பறிகொடுப்பவர் தம் வண்டிக் கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஒட்டிக்கொண்டு தாமே வர வேண்டும். ஒட்டாமல் வந்தால் கூடுதல். எயினர் பாவம், வில்லைத் தூக்கிக்கொண்டு மலைமலையாக ஏறினார்கள்.

பாலையின் உணவு வழிப்பறிப் பொருள். நெடுஞ்சாலை ஓட்டலில் இட்லி விலை கேட்டவர்க்கு இதற்கு உரை வேண்டா.

பண்: தலைவனுக்கு இளையராஜா, தலைவிக்கும் இளையராஜா. எந்த ஆண்டு இளையராஜா என்பதில்தான் சண்டை.

மூலபாடச் சிக்கல் ஒன்று. இச்சாலை தேசிய நெடுஞ்சாலை 44 என்று பலகைகள் சொல்கின்றன. 2010இல் எண்களைத் திருத்தியபோது, ஏழு பழைய நெடுஞ்சாலைகளைக் கோத்து ஸ்ரீநகர் முதல் கன்னியாகுமரிவரை ஒன்றாக்கியவர்கள் இட்ட எண் அது. மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் 'என்.எச். ஏழு' என்பார்கள். ஏழு மூலபாடம், நாற்பத்துநாலு பாடபேதம். பதிப்பாசிரியர் டெல்லியில் இருப்பதால் கேட்க முடியவில்லை.

காலக்கணிப்பு. புறப்பாடு மூன்று வகைப்படும்: பொய்ப்போக்கு, மீள்போக்கு, மெய்ப்போக்கு. அன்று திங்கள், ராகுகாலம் 7.30 முதல் 9 வரை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, 7.20க்குக் கிளம்பியது பொய்ப்போக்கு. சமயநல்லூர் அருகே 'கேஸை மூடினீங்களா?' என்று தலைவி கேட்க, 'நீதான் மூடினே' என்று தலைவன் சொல்ல, வண்டி திரும்பியது மீள்போக்கு. சிலிண்டர் மூடித்தான் இருந்தது. அதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டதால், பூட்டிய வீட்டைத் திறந்து நாற்காலி போட்டு ஒன்பது மணிவரை காத்திருந்தார்கள். அதன்பின் கிளம்பியதே மெய்ப்போக்கு. 'அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடலாம்' என்று தலைவன் காலையில் சொன்னதை இங்கே பிழை எனக் கொள்ளற்க. தொல்காப்பியர் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்னும் பின்னும் இழுத்துப் போட்டுப் பட்டம் வாங்கிய துறை நம்முடையது.

இனி நூற்பொருள். தலைவியின் தாய் கட்டிக்கொடுத்தவை: வாட்டிய வாழை இலையில் புளிச்சோறு, எவர்சில்வர் தூக்கில் ஆமவடை. அகப்பாடலில் பெற்ற தாய் நற்றாய், வளர்த்த தாய் செவிலி. இருவர் வேலையும் இப்போது ஒரே கைபேசி எண்ணில் அடங்கிவிட்டது. மகளைத் தேடிச் சுரத்திடை நடந்து, எதிர்வருவோரை 'கண்டீரோ' என்று கேட்ட செவிலி, இன்று வீட்டிலிருந்தபடியே கேட்கிறாள். கட்டுச்சோற்றை எங்கே பிரிப்பது என்பதற்கு அவள் கூற்றே முதல்நூல்.

செவிலி நெறிப்படி புளிச்சோறு மதியத்துக்கு உரியது. சேலம் தாண்டி, மரநிழல் பார்த்து, கை கழுவி உண்ணத் தக்கது (செவிலி, வாசற்படி உரை). காரணமும் சொல்லப்பட்டது: புளியும் நல்லெண்ணெயும் சோற்றில் இறங்க நேரமாகும், ஊறினால்தான் ருசி (செவிலி, தொலைபேசி உரை, வாடிப்பட்டிப் பதிப்பு). இதைத் தலைவன் வழியினர் ஏற்பதில்லை. வாசம் வந்த இடமே உண்ணும் இடம், ஊறுகிற வேலை வயிற்றில் நடந்தால் என்ன என்பது அவர்கள் கோட்பாடு. தலைவி இரு பள்ளிக்கும் நடுவே 'ஒரு வாய் மட்டும்' என்றொரு சமரச நெறியை வகுத்தாள். உலகில் எந்தச் சமரச நெறியும் ஒரு வாயோடு நின்றதில்லை.

களச்சான்று வேறு கதை சொல்கிறது. பொட்டலம் பிரிக்கப்பட்டது கொடைரோடு சுங்கச்சாவடி வரிசையில். வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்கூட ஆகவில்லை, மணி பத்துக்கூட ஆகவில்லை. முன்னே நின்ற லாரியின் ஃபாஸ்டேக் படிக்கவில்லை. அந்த இடைவெளியில் இலை விரிந்தது. வரிசையில் கொய்யாப்பழம் விற்றவர் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து, 'ஊறுகா இல்லையா சார்?' என்றார். கண்டோர் கூற்று என்னும் துறைக்கு இதைவிடத் தூய சான்று கிடைப்பது அரிது.

அடுத்து வந்த அழைப்பு மிக முக்கியமானது (செவிலி, 'மாப்ள சாப்ட்டாராத்தா?', வேடசந்தூர்ப் பதிப்பு, ஒலிபெருக்கி வழி, தலைவனும் கேட்கும்படி, முதற்பதிப்பில் இல்லாத பெருமூச்சு இதில் சேர்க்கப்பட்டுள்ளது). தலைவி 'இல்லம்மா, சேலம் தாண்டித்தான்' என்றாள். நச்சினார்க்கினியர் எங்கோ இருக்கும் அடியை எங்கோ கொண்டுபோய்ப் பூட்டிப் பொருள்கொள்வார், அதற்கு மாட்டு என்று பெயர். கொடைரோட்டில் உண்டதைச் சேலத்துக்கு அப்பால் கொண்டுபோய்ப் பூட்டிய தலைவியும் அந்த மதுரைக்காரர் மரபுதான். உரையாசிரியர் செய்தால் நுட்பம், மகள் செய்தால் பொய் என்று சொல்லும் உரிமை நமக்கில்லை.

பரமத்தி வேலூர்ப் பாலத்தில் காவிரி. நாமக்கல்லில் லாரிப் பட்டறைகள். சேலத்தில் நிழல் தரும் மரம் இருந்தது. அதனடியில் உண்ணப் புளிச்சோறு இல்லை.

தொப்பூர்க் கணவாய் ஏறுகையில் அழைப்பு துண்டித்துத் துண்டித்து வந்தது (செவிலி, சிதைந்த ஏடு, 'வடை' என்ற சொல் தெளிவாக உள்ளது, முன்னும் பின்னும் செல்லரித்துள்ளது, வினாவா கட்டளையா என்பது துணிதற்கரிது). இதனால் ஆய்வு வடைக்குத் திரும்பியது. கடைசி ஆமவடை தர்மபுரியைத் தாண்டவில்லை என்பதில் இருவர் வாக்குமூலமும் ஒத்துப்போகின்றன. தர்மபுரி பழைய தகடூர். அங்கிருந்து ஆண்ட அதியமான், நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனி கைக்கு வந்தபோது தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான். அதே மண்ணில் ஒரு வடையைப் பாதியாகப் பிட்டுக்கொள்ளக்கூட யாருக்கும் தோன்றவில்லை என்பதைச் சமூக வரலாற்றாசிரியர்கள் கவனிக்க வேண்டும். அதியமான் கிருஷ்ணகிரிவரை பசியோடு வண்டி ஓட்டியவன் அல்லன் என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

இரவு பெங்களூருவில் தங்கல். கடைசி அழைப்பு (செவிலி, பள்ளியறைப் பதிப்பு, காணொலி வடிவம், விசிறிச் சத்தத்துடன், தூக்கைத் தொலைத்துவிடாதே என்னும் பின்னிணைப்பு நீங்கலாக): 'வடை போதுச்சாத்தா?'

தலைவன், 'தாராளமா இருந்துச்சு அத்தை' என்றான். அதே மூச்சில் தலைவி, 'எனக்கு ஒண்ணுதாம்மா கிடைச்சுது' என்றாள். இரண்டில் எது மூலபாடம், எது இடைச்செருகல் என்பதைத் தூக்கின் அடியைப் பார்த்துத் துணியலாம். தூக்கு பின்சீட்டில், கம்பளிகளுக்கு அடியில் இருப்பதாகத் தெரிகிறது. பார்வையிட அனுமதி கேட்டு இருவருக்கும் தனித்தனியே எழுதினேன். இருவரும் சேர்ந்து மறுத்துவிட்டார்கள்.